மூன்றாவது போதும்

மேலச்சுனையில் பேட்டரிகள் போதும் என்று சொல்வதில்லை. வைத்ததை வாங்கிக்கொள்ளும். வயிறு நிறைந்த பிறகும் வாங்கிக்கொள்ளும், உப்பிய பிறகும் வாங்கிக்கொள்ளும், அப்புறம் செத்துப்போகும். அதனால் அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்து அவற்றுக்காகப் போதும் என்று சொல்ல ஓர் ஆளை நியமிப்பது ஊர் வழக்கம். அந்தப் பதவிக்கு சார்ஜ் கன்ட்ரோலர் என்று பெயர்.

நாற்பத்தோரு வீடுகள் கொண்ட மலையூர் அது. அடிவாரத்திலிருந்து கிளம்பிய மின்கம்பி பாதி மலையில் மூச்சு வாங்க உட்கார்ந்தது. பதினெட்டு வருஷமாக அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே மேலச்சுனைக்குப் பகலில் வெயில் பரிமாறும், கொட்டகைக் கூரையில் பதித்த தகடுகள் வழியாக. கரடியோடை நேரம் காலம் பார்க்காமல் பரிமாறும், கரையில் வைத்த இரும்புச் சக்கரம் வழியாக. இரண்டு பேருக்கும் தாராளமான கை. கொடுக்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது.

கொட்டகைக்குள் ஒரு நீள பெஞ்சு. பேட்டரிகள் அதில் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி வரிசையாக உட்கார்ந்திருக்கும். பன்னிரண்டு பேர் வந்தார்கள். எட்டுப் பேர் போய்விட்டார்கள். மிச்சம் நாலு. ஆளுக்குப் பன்னிரண்டு வோல்ட்டாக நாலு பேர் கைகோத்தால்தான் நாற்பத்தெட்டு வரும். நாற்பத்தெட்டுக்குக் குறைந்தால் இன்வெர்ட்டர் முகம் கொடுத்துப் பேசாது, ஊரில் ஒரு பல்பு எரியாது. இன்னும் ஒன்று செத்தால் மேலச்சுனைக்கு இருட்டுதான்.

அந்த எட்டையும் மேட்டில் குழி வெட்டிப் புதைத்தவள் அன்னக்கொடி. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. வாரத்துக்கு ஒரு நாள் மூடிகளைக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்து, கோடு வரைக்கும் பேட்டரித் தண்ணீர் ஊற்றுவாள். ஒவ்வொரு வாரமும் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். திணிக்கப்பட்டதை வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வெந்து ஆவியாகிப் போன தண்ணீர் அது. அழுகிய முட்டை வாடை அடிக்கும். தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுடும். மிச்சமிருந்த நாலுக்கும் அவள் பெயர் வைத்திருந்தாள். சன்னலோரம், தூணோரம், நடு, கடைசி. கடைசிதான் ரொம்பப் பலவீனம். அதன் பக்கவாட்டில் ஏற்கெனவே லேசான புடைப்பு இருந்தது. அதைத் தடவும்போதெல்லாம் அன்னக்கொடிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

ஆத்திரத்துக்குக் காரணம் உண்டு. மேலச்சுனையில் யாரும் ஒரே தடவையில் போதும் என்று சொல்ல மாட்டார்கள். முதல் போதும் மரியாதைக்கு. இரண்டாவது போதும், அதுவும் மரியாதைக்கு. மூன்றாவது தடவை சொன்னால்தான் பரிமாறுகிறவர் கரண்டியைத் தூக்குவார். முதல் சொல்லிலேயே நிறுத்துகிறவர் கஞ்சன் என்று பெயர் எடுப்பார். முதல் சொல்லிலேயே நிறுத்தச் சொல்கிறவருக்கு வளர்ப்பு சரியில்லை என்று பேச்சு வரும். வெயிலும் ஓடையும் இந்த ஊரிலேயே பழகியவர்கள் என்பதால் அவர்களுக்கும் இதே பழக்கம்தான். இதுவரை இருந்த கன்ட்ரோலர்கள் எல்லாம் மூன்று தடவை, நிறுத்தி நிதானமாக, நடுநடுவே சிரித்துக்கொண்டு சொன்னார்கள். எட்டு பேட்டரிகளும் முதல் போதுமுக்கும் மூன்றாவது போதுமுக்கும் இடையில் செத்தவை. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள்.

அன்னக்கொடி கம்பத்துப் பக்கம் கீழ்நாட்டில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, ரசம் வந்ததும் இலைமேல் கையை விரித்து ஒரே ஒரு தடவை போதும் என்றாள். ஊற்ற வந்தவர் திகைத்துப்போய் ரசத்தைத் தன் காலிலேயே ஊற்றிக்கொண்டார். அன்றிலிருந்து இருபத்துமூன்று வருஷமாக எந்த விசேஷத்திலும் அவளுக்குக் கடைசி இலைதான்.

இப்படி இருக்கையில் பழைய கன்ட்ரோலர் கை மரத்துப்போய் ஓய்வு பெற்றார். மின்சாரக் கமிட்டி அறிவிப்பு ஒட்டியது. கமிட்டித் தலைவர் ஒச்சப்பன் அன்னக்கொடியின் கொழுந்தன்தான். தேர்வு நாளன்று ஐந்து பேர் வந்து சேர்ந்தார்கள். நாலு பேர் கருவிகள், அட்டைப் பெட்டியில் வந்தார்கள், ஒருவர் நடந்து வந்தார். நடந்து வந்தவர் சீனிச்சாமி, ஒச்சப்பனின் மைத்துனர்.

தேர்வு என்றால் பந்திதான். ஐந்து பேரையும் வரிசையாக உட்காரவைத்து இலை போட்டு, சோறு, குழம்பு, ரசம், பாயசம் என்று பரிமாறி, யார் எப்படிப் போதும் சொல்கிறார்கள் என்று கமிட்டி எதிரே நின்று பார்க்கும்.

முதல் பெட்டி சின்ன உடம்புக்காரர். விவரத்தாளில் பி.டபிள்யூ.எம். ரகம் என்று போட்டிருந்தது. அவர் இலைமேல் கையை வைத்தார், எடுத்தார், வைத்தார், எடுத்தார். நிமிஷத்துக்கு ஆயிரம் தடவை வைத்து எடுத்தார். சோறு ஒவ்வொரு பருக்கையாக விழுந்தது. எளிமையான ஆள்தான், ஆனால் பார்க்கிறவர்களுக்குக் கண் வலித்தது. கமிட்டி அவரை ஓரமாக உட்காரச் சொன்னது.

இரண்டாவது பெட்டி எம்.பி.பி.டி. ரகம், கனமானவர், முதுகில் அலுமினியச் செதில்கள். பரிமாற வந்தவரின் முழங்கையைத் தொட்டு ஒரு விரற்கடை இறக்கினார். பிறகு அரை விரற்கடை ஏற்றினார். கை எந்த உயரத்தில் இருந்தால் கரண்டியிலிருந்து அதிகம் விழும் என்று கண்டுபிடித்து அங்கேயே பிடித்துக்கொண்டார். ஒரு பருக்கை வீணாகவில்லை. வயிறு நிறைந்ததும் கையை விட்டார். "பரிமாற வந்தவன் கையையே பிடிச்சுப் பாக்குறாரே, என்ன பழக்கம் இது," என்று கமிட்டி அவரையும் எழுப்பியது. மூன்றாவது பெட்டி இலையில் உட்காரும்போதே பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டு, பசியே இல்லை என்றது. தரகு வேலைக்காரர் யாரோ வெறும் கூட்டை அனுப்பியிருந்தார்.

நாலாவது பெட்டி சோறு வாங்கிச் சாப்பிட்டது. குழம்பு வாங்கிச் சாப்பிட்டது. வயிறு நிறைந்ததும் கையைப் பக்கத்து இலைப் பக்கம் நீட்டி, "எனக்கு ஆச்சு, அவருக்குப் போடுங்க," என்றது. பரிமாறுகிறவர் நிற்கவே வேண்டியிருக்கவில்லை. கரண்டி அப்படியே பக்கத்து இலைக்கு நகர்ந்தது.

வாசலில் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்த அன்னக்கொடிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதுதான், இதுதான் என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

கமிட்டி முகத்தைச் சுளித்தது.

"எதுக்குக் கொழுந்தனாரே இத வேணாங்கிறீங்க?" என்று அன்னக்கொடி உள்ளே வந்தாள்.

"எச்சிக் கையால அடுத்த எலையக் காட்டுது மதினி," என்றார் ஒச்சப்பன். "தனக்கு வேணாங்கிறத அடுத்தவன் தலையில கட்டுறது நம்மூர்ல உண்டா?"

"வெயிலுகிட்ட வேணாம்னு சொன்னா அது தகட்டு மேல சும்மா கெடக்கும். அதுக்கு மானக்கேடு ஒண்ணும் இல்ல. ஓடை அப்பிடியா? மேலருந்து தண்ணி வந்துக்கிட்டேதான இருக்கு? சக்கரம் சுத்திக்கிட்டேதான இருக்கு? வாங்கிக்க ஆளில்லாம மூஞ்சியில கதவச் சாத்துனா அது என்ன செய்யும்? ஓடைக்கு இன்னொரு எலையக் காட்டித்தான் ஆகணும். இந்தப் பெட்டி ஒண்ணுக்குத்தான் அது தெரிஞ்சிருக்கு."

"நீங்க தண்ணி ஊத்துற ஆளு மதினி. ஊத்துறதப் பாருங்க."

இதற்குள் ஐந்தாவது இலையில் சீனிச்சாமி சாப்பிட்டு முடித்திருந்தார். பாயசம் வந்தது. தப்பு செய்துவிட்டவர் மாதிரி தலையைக் குனிந்து முதல் போதும் சொன்னார். கும்பிட்ட கையோடு இரண்டாவது போதும் சொன்னார். மூன்றாவதை அவர் சொன்ன விதத்தில் பரிமாறுகிறவருக்குக் கண் கலங்கி இன்னும் இரண்டு கரண்டி ஊற்றிவிட்டார். சீனிச்சாமி அதையும் குடித்தார். கமிட்டி எழுந்து நின்று கைதட்டியது. நாலு பெட்டிகளையும் அன்றைக்கே ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நாலாவது பெட்டி போகிற வழியில் தன் இருக்கையைப் பக்கத்து ஆளுக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே போனதாகக் கேள்வி.

சீனிச்சாமி தங்கமான மனுஷர். அதை மறுக்கக் கூடாது. தினமும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கொட்டகை வாசலில் நின்று, பத்தரை மணிக்கு வெயிலிடம் முதல் போதும் சொல்வார். ஒரு வெற்றிலை போட்டுவிட்டு இரண்டாவது. சாப்பிட்டுவிட்டு வந்து மூன்றாவது. வாரம் ஆறு பாட்டில் தண்ணீர் ஊற்றிய இடத்தில் அன்னக்கொடி ஒன்பது பாட்டில் ஊற்றினாள். கடைசியின் புடைப்பு அவள் உள்ளங்கையை நிறைக்கும் அளவுக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலி பாட்டில்களைக் கொண்டுபோய் கமிட்டி அறையில் மேசைமேல் அடுக்கினாள். ஒச்சப்பன் அவற்றை எடுத்துவைத்து விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டார். நல்ல பாட்டில்கள் என்று பாராட்டவும் செய்தார். பார்க்கிறவர்களுக்கே பற்றிக்கொண்டு வரும்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கரடியோடை இரண்டு கை கொள்ளாமல் அள்ளிக்கொண்டு வந்தது. சீனிச்சாமி குடையோடு கரைக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு நின்று மூன்று போதுமும் சொன்னார். ஓடை மூன்றாவதைக் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டால் மட்டும் என்ன செய்யும், பின்னாலிருந்து தண்ணீர் தள்ளுகிறதே. வெயிலுக்குச் செய்கிற பழக்கத்தில் சீனிச்சாமி கம்பியைக் கழற்றிவிட்டு, ஒரு கும்பிடு போட்டு வீட்டுக்குப் போனார்.

வாங்கிக்கொள்ள ஆளில்லாத சக்கரத்துக்கு அவமானம் தாங்கவில்லை. வேகமாகச் சுற்றியது. இன்னும் வேகமாகச் சுற்றியது. ஊளையிட்டது. பிறகு அஸ்திவாரத்தைப் பெயர்த்துக்கொண்டு பலாமரங்களுக்கு மேலாக எழும்பிப் போய் மலையுச்சிப் பாறையில் உட்கார்ந்துகொண்டது. ஓடையும் அதைத் தேடிக்கொண்டு மலைமேல் ஏறிப் போய்விட்டது. கரையில் ஈரக் கூழாங்கற்கள் மட்டும் கிடந்தன.

மறுநாள் காலை கமிட்டி தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து எடுத்துக்கொண்டு உச்சிக்குப் போனது. துணி துவைக்க வேண்டியிருந்த பெண்கள் மூட்டைகளோடு பின்னால் போனார்கள். ஓடை தட்டைப் பெற்றுக்கொண்டது. திரும்பி வருகிறேன், ஆனால் இனிமேல் நான் பரிமாறுவதை வேண்டாம் என்று சொல்லக் கூடாது, பேட்டரிக்கு வேண்டாம் என்றால் இன்னொரு இலை போட்டிருக்க வேண்டும் என்றது. நியாயமான நிபந்தனைதான். அன்னக்கொடி வாய் வலிக்கச் சொன்ன அதே நிபந்தனை.

இன்னொரு இலை எது என்று கமிட்டி அங்கேயே பாறைமேல் கூடிப் பேசியது. அன்னக்கொடி எழுந்தாள்.

"இதத்தான நா அன்னிக்கே சொன்னேன்? பந்தியில எல்லார் முன்னாடியும் நின்னு சொன்னேனா இல்லையா? அந்தப் பெட்டிய ஏத்தி அனுப்பாதீங்கன்னு சொன்னேனா இல்லையா? எட்டு பேட்டரிய என் கையால பொதச்சிருக்கேன். ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, காது குடுத்துக் கேட்டீங்களா?"

அவள் கையிலிருந்த சொம்பில் தண்ணீர் கொதித்தது. பக்கத்தில் கிடந்த சக்கரத்தின் கம்பி அவள் சேலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. சக்கரம் ஊளையிடுவதை நிறுத்திவிட்டு நிம்மதியாகச் சுற்ற ஆரம்பித்தது. கமிட்டியில் ஒருவர் மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தார். ஆயிரத்து இருநூறு வாட் காட்டியது. ஓடையின் உபரி முழுவதையும் அன்னக்கொடியின் கோபம் வாங்கிக்கொள்ளும் என்று தெரிந்தது.

அன்று மாலையே ஓடையும் சக்கரமும் கீழே இறங்கிவிட்டன. சக்கரத்திலிருந்து ஒரு கம்பி பேட்டரிக்கும் ஒரு கம்பி அன்னக்கொடி வீட்டுக்கும் போடப்பட்டது. கன்ட்ரோலர் பதவி சீனிச்சாமியிடமே இருந்தது. அன்னக்கொடிக்குப் பதவி கிடையாது. கமிட்டிப் பதிவேட்டில் உபரி என்று எழுதிக்கொண்டார்கள்.

அவள் சம்மதித்ததற்குக் காரணம் கடைசிதான். அடுத்த திங்கட்கிழமை மூடியைக் கழற்றிப் பார்த்தபோது தண்ணீர் கோட்டிலிருந்து ஒரு விரல்தான் இறங்கியிருந்தது. ஒன்பது பாட்டில் ஐந்தானது. ஐந்து இரண்டானது. முட்டை வாடை போய்விட்டது. கடைசியின் மேல் கையை வைத்தால் மண்பானை மாதிரி குளிர்ச்சியாக இருந்தது. அதற்காக எதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆனால் பேட்டரிகள் நன்றாக இருக்கவும் அவளுக்குக் கோபம் தணிய ஆரம்பித்தது. ஒரு புதன்கிழமை அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு கீரை ஆய்ந்தாள். உபரி திரும்பிப் போய் சன்னலோரத்தின் தலையில் விழுந்தது. சன்னலோரம் கொதித்தது. கமிட்டி அவசரமாகக் கூடி ஒரு முறைப்பட்டியல் போட்டது. நாளுக்கு ஒரு வீடு என்று முறை வைத்து அன்னக்கொடிக்கு ஏதாவது ஓர் அநியாயம் செய்ய வேண்டும். நாற்பது வீடு, நாற்பது நாள். பிறகு மறுபடியும் முதலிலிருந்து.

மேலச்சுனைக்காரர்கள் முறை தவறாதவர்கள். முதல் நாள் மாலையே வந்து சொல்லிவிடுவார்கள்.

"அத்தாச்சி, நாளைக்கு எங்க மொற. ஆட்ட ஒங்க அவரப் பந்தல்ல விடலாம்னு இருக்கோம். ஒங்களுக்குத் தோதுப்படுமா?"

"விடுங்க," என்பாள் அன்னக்கொடி.

மறுநாள் ஆடு வரும். பூ விட்டிருந்த அவரை வேரோடு போகும். சொல்லிவிட்டுச் செய்தாலும் அநியாயம் அநியாயம்தான், அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறும். ஒரு வீட்டுக்காரர்கள் அவள் கொடியில் காய்ந்த சேலையை எடுத்துத் தங்கள் வீட்டுச் சேலை என்று சாதித்தார்கள். ஒரு வீட்டுக்காரர்கள் அவள் வைத்த சுண்டைக்காய்க் குழம்பை வாங்கிக் குடித்துவிட்டு ஊரெல்லாம் போய் உப்பில்லை என்றார்கள். செத்துப்போன அவள் புருஷனைப் பற்றி ஒரு வீட்டுக்காரர்கள் சொன்ன பேச்சை இங்கே எழுத வேண்டாம். அன்றைக்கு மீட்டர் இரண்டாயிரத்து எழுநூறு வாட் காட்டியது. இன்வெர்ட்டரே எழுந்து நின்று பார்த்தது.

அவள் பக்கத்தில் உலை வைத்தால் பொங்கியது. ஊர்ப் பெண்கள் விறகு பொறுக்கப் போவதை நிறுத்திவிட்டுப் பானைகளை அவளைச் சுற்றி அடுக்கினார்கள். சோறு பொங்கியதும் எடுத்துக்கொண்டு, முறைக்காரர்கள் அநியாயத்தையும் செய்துவிட்டு, போய்வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அவளுக்கு ஒரு வாய் வைத்துவிட்டுப் போக யாருக்கும் தோன்றவில்லை. அது எந்தப் பட்டியலிலும் இல்லாதது.

தை மாதம் பிறந்து ஒரு நாள், நாலு பேட்டரிகளையும் காப்பாற்றியதற்காக சீனிச்சாமிக்குப் பாராட்டு விழா என்று கமிட்டி அறிவித்தது. நடுப்பகலில் பந்தல் போட்டு, வாழை கட்டி, ஊரே உட்கார்ந்தது. அந்த விருந்துக்கான சோறு, குழம்பு, பாயசம் எல்லாம் காலையிலிருந்து அன்னக்கொடியைச் சுற்றித்தான் கொதித்தன. அவளுக்கு வழக்கம்போல் கடைசி இலை.

ஒச்சப்பன் எழுந்து, போதும் என்ற சொல்லுக்கே மரியாதை சேர்த்தவர் எங்கள் சீனிச்சாமி என்று பேசினார். பொன்னாடை போர்த்தினார். சீனிச்சாமி முதல் பொன்னாடையை வேண்டாம் என்றார், இரண்டாவதையும் வேண்டாம் என்றார், அதனால் மூன்று பொன்னாடை போர்த்தினார்கள். பேட்டரிகள் சார்பில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். பேட்டரிகளை யாரும் கேட்கவில்லை.

அன்னக்கொடிக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. ஆனாலும் நியாயமாக இருக்க வேண்டும் என்று நினைத்தாள். முறை என்றால் பொறுத்துக்கொள்ளத்தானே வேண்டும்.

"கொழுந்தனாரே, இன்னிக்கு யாரு மொற?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

ஒச்சப்பன் சட்டைப்பையிலிருந்து பட்டியலை எடுத்து, கண்ணாடி போட்டுப் பார்த்தார். "இன்னிக்கு யாருக்கும் மொற இல்ல மதினி. விசேஷமாச்சேன்னு லீவு விட்டிருக்கோம். ஒங்களுக்கு இன்னிக்கு ஒரு கெடுதலும் கெடையாது. நிம்மதியாச் சாப்பிடுங்க."

"அப்ப இது?"

"எது மதினி?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். பொன்னாடையைப் பார்த்தார், கேடயத்தைப் பார்த்தார், கடைசி இலையைப் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. பந்தலில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் தெரியவில்லை. முறை வைத்துச் செய்த நாற்பது அநியாயமும் சேர்ந்து இந்த ஒன்றுக்கு ஈடாகாது என்று அன்னக்கொடி நினைத்தாள். அவை அநியாயம் என்றாவது செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பாயச வாளி அவள் இலைக்கு வந்தது. கரண்டி சாய்ந்தது.

அன்னக்கொடி இலைமேல் கையை விரித்தாள்.

"போதும்."

ஒரு தடவைதான் சொன்னாள். கத்தவில்லை. பரிமாறுகிறவர் கரண்டியைச் சாய்த்தபடி நின்றார். கரண்டி விளிம்பில் பாயசம் விழாமல் நின்றது. கரையில் சக்கரம் நின்றது. அதன் பின்னால் கரடியோடை, மடித்த விரிப்பு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து, சத்தமில்லாமல் நின்றது. மேலே வெயிலும் தூக்கிய கையைத் தூக்கியபடி நின்றது. கமிட்டி அறைக் கடிகாரம் ஒன்று பத்தில் நின்றது.

அவள் இலையை மடித்தாள். தன் சொம்புத் தண்ணீரில் கையைக் கழுவினாள். கொட்டகைக்கு நடந்து போனாள்.

மேலச்சுனையில் இன்னும் மணி ஒன்று பத்துதான். நிழல்கள் காலடியை விட்டு நகரவில்லை. தூக்கம் வந்தால் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுக்கிறார்கள். இருட்டு வராததால் விளக்கு தேவைப்படவில்லை. அன்னக்கொடியின் பக்கத்தில் உலை பொங்குவதில்லை என்பதால் பெண்கள் மறுபடியும் விறகுக்குப் போய்வருகிறார்கள்.

கமிட்டி கூடி ஒரு புதிய பதவியை உண்டாக்கியது. வெயிலையும் ஓடையையும் பார்த்து 'இன்னும் கொஞ்சம் போடுங்க' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அறிவிப்பு ஒட்டினார்கள். யாரும் விண்ணப்பிக்கவில்லை. வாய்விட்டு இன்னும் வேண்டும் என்று கேட்பது மேலச்சுனையில் எந்தப் பந்தியிலும் நடந்ததில்லை. கடைசியில் சீனிச்சாமியையே பிடித்து, மூன்று பொன்னாடையோடும் முற்றத்தில் நிறுத்தினார்கள். அவர் வெயிலை நிமிர்ந்து பார்த்தார். வாயைத் திறந்தார். காது சிவந்துபோய், "பரவால்ல," என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார்.

ஒச்சப்பன் கொட்டகை வாசலுக்கு வந்தார்.

"மதினி, நீங்க ஒரு வார்த்த சொன்னா அதுங்க கேக்கும்."

"அன்னிக்குச் சொன்ன வார்த்தைக்கு மொதல்ல பதில் சொல்லுங்க கொழுந்தனாரே. அந்த நாலாவது பெட்டி எங்க?"

அதைக் கொண்டுவர அவர் ஜீப்பை அனுப்பினார். ஒன்று பத்துக்குக் கிளம்பிய ஜீப் ஒன்று பத்துக்குப் பாதி மலையில் மின்கம்பிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது என்று தகவல் வந்திருக்கிறது. ஒச்சப்பன் வாசலில் காத்திருக்கிறார். கடைசி இலைக்காரர் மாதிரி, செருப்பைக் கழற்றிவிட்டு.

அன்னக்கொடி மூடிகளைக் கழற்றிப் பார்த்தாள். அதே மதியத்தில் இது முப்பத்தோராவது தடவை. சன்னலோரத்தில் தண்ணீர் கோட்டில் நின்றது. தூணோரத்தில், நடுவில், எல்லாவற்றிலும் கோட்டிலேயே நின்றது. கடைசியின் புடைப்பு வற்றியிருந்தது. பாட்டிலைத் திறக்காமலே கீழே வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். நாலு பேட்டரிகளும் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, சன்னலோரத்துக்கு முன்னால் முதல் இடத்தை அவளுக்கு விட்டன. அவள் போய் உட்கார்ந்தாள்.